பெர்னிஸ் அண்ணியின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது

ஹெரிங் ரீச், நோவா ஸ்கோஷியா
மே 13, புதன்கிழமை

மதிப்புக்குரிய பெர்னிஸ் அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வெண்டல் ஹர்ட்டில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே தெல்மாவும் நானும் உடலளவில் நலம். நீங்களும் ஹாலிஃபாக்ஸில் மகள் ஜோலீன் வீட்டில் நலமாகவே இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஊகம் என்று சொல்லக் காரணம், நீங்கள் என் தொலைபேசி அழைப்பை ஆறு முறை எடுக்கவில்லை. ஏழாவது முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டீர்கள்.

இது ஒரு மன்னிப்புக் கடிதம். இதன் முதல் வரைவை தெல்மாவிடம் நேற்றுக் காட்டினேன். அவள் நின்றபடியே படித்துவிட்டு, “வெண்டல், இது மன்னிப்பு இல்ல. ஊராட்சிக் கூட்டத்து அறிக்கை. இதுல மன்னிப்புங்கிற வார்த்தை மூணாவது பக்கத்துலதான் வருது, அதுவும் பாதிரியார் சொன்னதா வருது” என்றாள். ஆகவே இது இரண்டாவது வரைவு. வார்த்தையை மேலே கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் யாரும் மறுக்காத விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். மே 7, வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு நம் ஊர் நூலகத்தில் என் புகைப்படக் கண்காட்சி தொடங்கியது. இந்த ஊர்க்காரர்களின் முகங்கள், மொத்தம் இருபத்திரண்டு. அவற்றில் ஒன்பதாவது உங்களுடையது. அதன் கீழே இருந்த அட்டையில் “பெர்னிஸ் நிக்கில், 74, ஷோர் ரோடு, தம் வீட்டுச் சமையலறையில் முட்டைகோஸ் நறுக்குகிறார்” என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிப் பேருந்தில் நீங்கள் ஊரைவிட்டுப் போனீர்கள். இந்த மாதம் முப்பதாம் தேதி உங்களுக்கும் கிளாரன்ஸ் ஐஸ்னருக்கும் நம் தேவாலயத்தில் திருமணம் நடக்க வேண்டும். கிளாரன்ஸுக்கு வயது எழுபத்தொன்று. உங்களுக்கு அறுபத்தொன்பது என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இது எனக்கு முன்பே தெரியும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் அறுபத்தொன்பது ஆன நாளில் உங்கள் தங்கை தெல்மாவும் அறுபத்தேழு ஆக வேண்டியதாயிற்று. அக்காவை மிஞ்சக்கூடாது என்று தன்னுடைய நான்கு வருடங்களை அவள் விட்டுக்கொடுத்தாள். பெரிய எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. என் வயது மட்டும் எழுபத்திரண்டிலேயே நின்றது. கிளாரன்ஸ் விருந்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஐந்து வயது இளைய பெண்ணைக் கட்டியவனாக உட்கார்ந்திருந்தேன்.

தெரிந்தும் ஏன் எழுபத்துநான்கு என்று போட்டேன் என்பதுதான் கேள்வி. அதற்கு நான் எப்படிப் படம் எடுப்பவன் ஆனேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்துநான்கு வருடம் ‘ஹார்பர் லெட்ஜர்’ வாரப் பத்திரிகையில் செய்தியாளனாக இருந்தேன். படம் எடுக்க வேறு ஆள் இருந்தார். படத்தில் நிற்பவர் யார், வயது என்ன, எந்தத் தெரு, என்ன செய்கிறார் என்று கீழே எழுதுவது என் வேலை. வயதில்லாத பெயரை ஆசிரியர் அச்சுக்கு விடமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது, இனி எழுதுவதில்லை, கலையில் இறங்குவது என்று முடிவு செய்தேன். ஒரே கலையில் இறங்கி ஏமாந்துவிடக்கூடாது என்று நான்கில் இறங்கினேன். தேவாலயப் பாடகர் குழு, நீர்வண்ண ஓவியம், பாய்மரக் கப்பலின் சிறு மாதிரி செய்வது, கேமரா. கப்பல் மாதிரிக்குச் சாப்பாட்டு மேஜை தேவைப்பட்டது. நவம்பரில் தெல்மா மேஜையைத் திரும்பக் கேட்டாள். கப்பல் அடித்தட்டு மட்டும் முடிந்த நிலையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஏற்றப்பட்டது. அது ஆடிய ஆட்டத்தில் பாதிப் பலகைகள் கழன்று விழுந்தன. அவற்றில் இரண்டு தெல்மாவின் காலுறைக்குள் கிடைத்தன. ஓவியத்தில் நான் வரைந்த மூடுபனி நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள், ஆனால் நான் வரைந்தது மீன் பதனிடும் கொட்டகை. பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் கச்சேரியன்று, பாடிக்கொண்டே படமும் எடுத்துவிடலாம் என்று அங்கிக்குள் கேமராவை வைத்திருந்தேன். ஆண்குரல்கள் பாட்டை எடுக்க வேண்டிய இடத்தில் நான் லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு ஆண்களும் நான் தொடங்குவேன் என்று காத்திருந்தார்கள். அந்த இடம் அந்த வருடம் பாடப்படவில்லை.

கேமரா ஒன்றுதான் மிஞ்சியது. தீயணைப்பு நிலைய மாடியில் செவ்வாய்தோறும் கூடும் கேமரா கிளப்பில் சேர்ந்தேன். அதன் தலைவர் மர்ரி ரஃபூஸை உங்களுக்குத் தெரியும், கூரை வேலைக்காரர். வாயில் ஆணி வைத்துக்கொண்டு பேசிப் பழகியவர் என்பதால் சுருக்கமாகப் பேசுவார். முதல் வருடம் நான் எடுத்தவை 2,140 படங்கள். குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் தெளிவாக வந்தவை அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றில் நாற்பத்தேழு கலங்கரை விளக்கம். கிளப்பில் திரையில் போட்டபோது மர்ரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கடல் ஏம்ப்பா இப்படிச் சாஞ்சிருக்கு? நிஜமாவே இப்படிச் சாஞ்சா நம்ம துறைமுகத்துல தண்ணியே நிக்காது.”

“அடுத்த தடவை நேரா எடுக்கிறேன்.”

“அடுத்த தடவை கலங்கரை விளக்கமே எடுக்காத. அதுக்கு முகம் கிடையாது. நீ முப்பது வருஷமா ஜனங்ககிட்ட பேசினவன்தானே? போய் அவங்களை எடு.”

அண்ணி, என் வாழ்வில் யாரும் எனக்குச் சொன்ன மிகப் பயனுள்ள புத்திமதி அது. நான் வீடு வீடாகப் போனேன். முகம் எடுப்பதிலும் இடறல்கள் இருந்தன. ஒருவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் எடுத்த பிறகு கேமராவில் நினைவக அட்டை இல்லை என்று தெரிந்தது. அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல் இன்னும் பத்து நிமிடம் எடுத்தேன். மீன்பிடிப் படகில் ஒருவரை எடுக்கப் போய், படம் எடுக்க வேண்டிய நேரத்தில் நான் படகின் ஓரமாகக் குனிந்து காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவை அவரே வாங்கி என்னை எடுத்தார். அது தெளிவாக வந்திருந்தது.

பிறகு அக்டோபர் மூன்றாம் தேதி உங்கள் சமையலறைக்கு வந்தேன். குளிர்காலத்துக்கு முட்டைகோஸ் ஊறப்போடும் நாள். நீங்கள் கத்தியோடு நின்றீர்கள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, “சீக்கிரம் எடுங்க வெண்டல், உப்புத் தண்ணி காத்துக்கிட்டிருக்கு” என்றீர்கள். மேஜை முழுவதும் படத்துக்குள் வரவேண்டும் என்று நான் ஓரடி பின்னால் வைத்தேன், இன்னும் ஓரடி வைத்தேன், மூன்றாவது அடி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போனது. நான் விழுந்துகொண்டிருந்தபோது விரல் பொத்தானை அழுத்திவிட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது மர்ரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நொடி பார்த்தார். பிறகு, “இது யார் எடுத்தது?” என்றார்.

அந்தப் படத்துக்காகத்தான் நூலகர் டோரீன் வீனோ எனக்குச் சுவரைக் கொடுத்தார். இரண்டு வருட உழைப்பு. ஆனால் கண்காட்சிக்கு முந்தைய நாள் வெள்ளை அட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கலைஞன் எழுந்து போய்விட்டான், பழைய செய்தியாளன் வந்து உட்கார்ந்தான். இருபத்திரண்டு பேருக்கும் பெயர், வயது, தெரு, செயல். மற்றவர்களின் வயதைத் தலா இரண்டு ஆதாரங்களில் சரிபார்த்தேன். நீங்கள் குடும்பத்தவர் என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

தொடக்க நாளுக்கு அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். தேநீரும் முட்டை சாண்ட்விச்சும் இருந்தன. நான் மூலையில் நின்று கவனித்தேன். ஒரு படத்தின் முன் ஒருவர் சராசரியாக நான்கு நொடி நின்றார். அட்டையின் முன் இரண்டு நிமிடம் நின்றார். பிறகு பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டார்.

“ஏய், இங்க வா. மெர்னாவுக்கு எண்பத்தொண்ணாம்.”

“என்கிட்ட எழுபத்தாறுன்னா. போன ஈஸ்டருக்கும் எழுபத்தாறுன்னுதான் சொன்னா.”

“அவ கணக்குப்படி பார்த்தா அவ தங்கச்சியே அவளைவிடப் பெரியவ ஆச்சே?”

இரண்டு வருடமாக நான் கற்ற வெளிச்சம், நிழல், நேரான கடல் எதையும் யாரும் பார்க்கவில்லை. ஊரே என் படங்களைப் படித்துக்கொண்டிருந்தது. ஏழரை மணிக்குள் இரண்டு அட்டைகளைக் காணவில்லை (மறுநாள் திரும்ப எழுதி வைத்தேன்). இன்னொன்றில் தேநீர் கொட்டியிருந்தது, மிகச் சரியாக எண்ணின் மேல் மட்டும். டோரீன் என்னை ஓரமாக அழைத்து, “வெண்டல், வயசை மட்டும் எடுத்துடலாமே. எனக்கு இந்த ஊர்லதான் இன்னும் வேலை பார்க்கணும்” என்றார். உண்மையான விவரத்தை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். அதற்கு மேல் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்களும் இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தெல்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“உனக்குத் தெரியாதா, அவ அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கான்னு?”

“தெரியும். ஆனா படத்துக்குக் கீழ நிஜத்தைத்தானே போடணும்.”

“எட்டு வருஷம் தனியா இருந்தா வெண்டல். எட்டு வருஷம். ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு, மிச்சத்தை டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போய்த் திங்கக்கிழமை தனியாச் சாப்பிடுவா. இப்பதான் ஒருத்தர் வந்திருக்கார். அந்த மனுஷன் தன்னைவிட ரெண்டு வயசு சின்னவளைக் கட்டிக்கிறோம்னு ஒரு சின்ன சந்தோஷத்துல இருக்கார். இருந்துட்டுப் போகட்டுமே. உன்னை யார் கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அதுதான்.

வெள்ளிக்கிழமை நீங்கள் ஜோலீன் வீட்டிலிருந்து தெல்மாவை அழைத்து, “அவரு முகத்துல முழிக்க மாட்டேன். கல்யாண விருந்துக்குச் சிங்கி இறால் ஆர்டர் கொடுத்ததை ரத்து பண்ணிடு” என்று சொன்னதாக அறிகிறேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி அதுதான்.

திங்கட்கிழமை மதியம் நான் நூலகத்தில் படச்சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தொடக்க நாளுக்கு வராத கிளாரன்ஸ் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நேராக ஒன்பதாவது படத்துக்குப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பதினொரு நிமிடம் நின்றார், அண்ணி. இதுவரை அந்த அறையில் எந்தப் படத்துக்கும் கிடைக்காத நேரம். கண் அட்டைக்கு இறங்கவே இல்லை.

“அவ சிரிக்கும்போது இடது கண்ணு முதல்ல மூடும்” என்றார். “அது இதுல வந்திருக்கு. எப்படிப் பிடிச்சீங்க?”

நான் வாளியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நீங்க விழுந்தது நல்லதாப் போச்சு” என்றார். பிறகு குனிந்து அட்டையை உற்றுப் பார்த்தார். “கண்ணாடியை வண்டியில வெச்சிட்டு வந்துட்டேன். கீழ என்ன எழுதியிருக்கு?”

இதற்கு முன் யாராவது என்னிடம் ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் முழுவதும் படித்திருக்கிறேன். நான் படித்தேன்: “பெர்னிஸ் நிக்கில், ஷோர் ரோடு, தம் வீட்டுச் சமையலறையில் முட்டைகோஸ் நறுக்குகிறார்.” படித்ததில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் ஒன்றை விட்டேன். அவர் தலையசைத்து, “அவ போனை எடுக்க மாட்டேங்கிறா, வெண்டல். நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அண்ணி, அவருக்குத் தெரியாது. அவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் என் படத்தைப் படமாகப் பார்த்த ஒரே மனிதர் அவர். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரை, நான் எழுதிய ஓர் எண்ணுக்காக நீங்கள் இழந்தால், அதற்குப் பிறகு கேமராவை நான் எதற்கு வைத்திருப்பது என்று தெரியவில்லை.

நான் தவறு செய்தேன். விவரத்தில் தவறு இல்லை, போட்டதில் தவறு. மன்னித்துவிடுங்கள். நாளை காலை நூலகம் திறந்ததும் இருபத்திரண்டு அட்டைகளிலிருந்தும் வயதை எடுத்துவிடுகிறேன். கிளாரன்ஸிடம் யாரும் எதுவும் சொல்லாதபடி டோரீனும் மர்ரியும் பார்த்துக்கொள்கிறார்கள். சிங்கி இறால் ஆர்டரை தெல்மா ரத்து செய்யவில்லை. செய்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமைப் பேருந்தில் திரும்பி வாருங்கள்.

ஜோலீனுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைந்து, வரப்போகும் வாழ்வில் திங்கட்கிழமைகளிலும் இருவருக்குச் சேர்த்துச் சமைக்கும்படி அமையட்டும் என்று தெல்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் மரியாதையுடன் தங்கள்,
வெண்டல் ஹர்ட்டில்

பின்குறிப்பு, மே 14, வியாழன், காலை 10.40: தபாலில் போடும் வழியில் நூலகத்துக்குப் போனேன். இருபத்தொரு அட்டைகளில் வயதை எடுத்தாயிற்று. உங்களுடையதை எடுக்கப் போனபோது கிளாரன்ஸ் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி இருந்தது.

“இது தப்பு” என்றார்.

நான் கத்தரியை எடுத்து, இதோ எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுக்கிறதுக்கு முன்னாடி சரியாப் போடுங்க. எழுபத்தஞ்சு.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஷோர் ரோட்டுக்கு இருபத்தொன்பது வருஷம் நான்தானே தபால் வண்டி ஓட்டினேன்? அறுபத்தஞ்சு ஆனா அரசாங்கத்துல இருந்து முதியோர் பென்ஷன் கடிதம் வரும், பழுப்பு உறை. அவளுக்கு வந்த முதல் உறையை நான்தான் பெட்டியில போட்டேன். அதுக்குப் பத்து வருஷம் முடிஞ்சாச்சு” என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் என் குறிப்பைப் பார்த்தேன். உங்கள் வயதை நம் பழைய பத்திரிகையில் வந்த ஞானஸ்நானச் செய்தியிலிருந்து கணக்கிட்டிருந்தேன். அது ஜூலை மாதச் செய்தி. உங்கள் பிறந்தநாள் ஆகஸ்டு ஒன்பது. ஜூலையில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை அதே வருடம் ஆகஸ்டில் பிறந்திருக்க முடியாது என்பதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் அதற்கு முந்தைய வருடம் பிறந்தவர். வருந்துகிறேன்.

திரும்பி வந்து அவரிடம், “அப்படின்னா அறுபத்தொன்பதுன்னு அவங்க சொன்னப்ப ஏன் பேசாம இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“அவ சொன்னா. நான் சரின்னேன். அதுல பேச என்ன இருக்கு?”

“கல்யாணப் பதிவுல என்ன போடுவீங்க?”

“அது அரசாங்கத்துக்கும் அவளுக்கும் உள்ள விஷயம். என்கிட்ட அவ அறுபத்தொன்பதுதான்.” சனிக்கிழமைப் பேருந்துக்கு வந்து நிற்பதாக உங்களிடம் சொல்லச் சொன்னார்.

உங்கள் வயதை எடுத்துவிடுவதாக மேலே கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இயலவில்லை. தவறான விவரத்தைத் திருத்தாமல் நீக்குவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆகவே “ஒன்பதாம் படத்தில் திருமதி நிக்கிலின் வயது 74 என்று தவறாகக் குறிக்கப்பட்டது. சரியான வயது 75. தவறுக்கு வருந்துகிறோம்” என்ற அட்டை, அதே அளவு எழுத்தில், உங்கள் படத்தின் கீழ், கண்காட்சி முடியும் இருபத்தொன்பதாம் தேதி வரை இருக்கும். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கிளாரன்ஸ்தான் பார்த்துக் கொடுத்தார்.